ஜிக்சாவில் நேர்வெட்டு: கட்டை வைத்து ஓட்டினாலும் பிளேடு விலகுவது ஏன்?

புதுஉளி:
எல்லோருக்கும் வணக்கம். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். மின்கருவி என்று கையில் இருப்பது, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஜிக்சா ஒன்றுதான். பென்சில் கோட்டைப் பார்த்து ஓட்டினால் வெட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. சரி என்று ஒரு அலுமினியச் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே ஓட்டிப் பார்த்தேன். முதல் ஒரு சாண் அழகாகப் போகிறது. அதற்குப் பிறகு இயந்திரம் சட்டத்தை விட்டு விலகப் பார்க்கிறது. நான் அழுத்திப் பிடித்தால் கருகல் வாடை வருகிறது.

இன்னொரு கூத்து: மேலே கோட்டில் இருக்கும் வெட்டு, பலகையைத் திருப்பிப் பார்த்தால் கீழே 2 மி.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. 30 மி.மீ. கெட்டி மரத்தில் இதைவிட மோசம்.

பிளேடு பெட்டியோடு வந்தது. பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு குமிழ் இருக்கிறது, அது 3-ல் இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை. இந்தக் கருவியே இப்படித்தானா, இல்லை ஓட்டுகிற விதம் தப்பா?

வட்டரம்பம்:
சர்க்குலர் சா வாங்கிடுங்க ப்ரோ. ஜிக்சா வளைவு வெட்டத்தான். முடிஞ்சுது கதை.

மூலைமட்டம்:
வட்டரம்பம் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தம்பி கேட்டது அதை இல்லையே.

தம்பி, நீங்கள் இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாகச் சொல்கிறீர்கள். மேல் முகத்தில் கோட்டை விட்டு விலகுவது ஒன்று. பலகையின் கனத்துக்குள் பிளேடு சாய்ந்து, கீழே வேறு இடத்தில் வெளிவருவது இன்னொன்று. மருந்தும் வேறு வேறு. முதலில் எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

அடிப்படை இதுதான். ஜிக்சா பிளேடுக்கு மேல் முனையில் மட்டும்தான் பிடி. கவ்வி ஒன்று, அதற்குக் கீழே முதுகைத் தாங்கும் ரோலர் ஒன்று. ரோலருக்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தரத்தில் ஆடுகிற மெல்லிய தகடு. நீங்கள் கட்டிய சட்டம் இயந்திரத்தைத்தான் நேராக நடத்தும், பிளேடை நடத்தாது. பிளேடுக்கு ஒரு பக்கம் போக மனம் வந்துவிட்டால், இயந்திரம் சட்டத்தை ஒட்டி இருக்க, பிளேடு மட்டும் வளைந்துகொண்டே போகும். உங்கள் கருகல் வாடை அதுதான்: வளைந்த பிளேடின் பக்கவாட்டு மரத்தில் உரசுகிறது.

இப்போதே செய்ய வேண்டியது, அந்தக் குமிழை 0-க்குக் கொண்டுவாருங்கள். அது பென்டுலம் ஆட்டம். 0-ல் பிளேடு மேலும் கீழும் மட்டும் போகும். 1, 2, 3 என்று கூட்டக் கூட்ட, மேலே வரும்போது ரோலர் பிளேடின் முதுகை முன்னால் தள்ளும். மெத்தென்ற மரத்தை வேகமாக அறுக்க அது நல்லது. ஆனால் வெட்டு முரடாகும், சிலாம்பு கூடும், பிளேடும் அலையும். நேர்வெட்டு, சுத்த வெட்டு என்றால் 0 மட்டும்தான். வேகம் குறைகிறதே என்று 1-க்குப் போகத் தோன்றும். போகாதீர்கள்.

பிளேடின் மேல் முனையில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புதுஉளி:
நன்றி ஐயா. டி144டி என்று இருக்கிறது. மூன்று கொடுத்திருந்தார்கள், மூன்றும் அதே.

கருங்காலி:
அதுவும் ஒரு காரணம். டி144டி வேகத்துக்கான பிளேடு. பற்களின் இடைவெளி 4 மி.மீ. பிளைவுட்டின் மேல் தோலைப் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

பிளேடை முன்பக்கமாக, பற்கள் உங்கள் கண்ணைப் பார்க்கிற மாதிரி பிடித்துப் பாருங்கள். டி144டி-யில் ஒரு பல் இடது பக்கம், அடுத்த பல் வலது பக்கம் என்று விரித்திருப்பார்கள். வெட்டு வாய் பிளேடின் உடலைவிட அகலமாக விழும், பிளேடு இறுகாமல் ஓடும். டி101பி என்று இன்னொரு பிளேடு உண்டு, அதைப் பாருங்கள், பல் எந்தப் பக்கமும் விரிந்திருக்காது. அதற்குப் பதில் பிளேடின் முதுகுப் பக்கத்தை மெலிதாகச் சாணை பிடித்திருப்பார்கள். பல் இடைவெளி 2.5 மி.மீ. வெட்டு முகம் கையால் தடவினால் வழவழவென்று இருக்கும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சட்டம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு டி101பி கொஞ்சம் படுத்தும். பற்கள் விரியாததால் வெட்டு வாயில் இடம் கிடையாது. ஒருமுறை விலக ஆரம்பித்தால் திரும்பி வராது. நேர்வெட்டுக்கென்றே டி144டிபி இருக்கிறது. கடைசியில் உள்ள ‘பி’ துல்லியத்தைக் குறிப்பது. உடல் தடிப்பாக இருக்கும், எளிதில் வளையாது. முகம் டி101பி அளவுக்குச் சுத்தமாக வராது, ஆனால் கீழ் முகத்தில் சாய்வு நன்றாகக் குறையும். கெட்டி மரத்துக்கு நான் இதைத்தான் போடுவேன்.

மூலைமட்டம்:
கெட்டி மரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். பிளைவுட்டுக்கு நான் டி101பி பக்கம்தான். மெதுவாக ஓட்டினால் அது விலகாது. அவசரப்படுத்தினால் எந்தப் பிளேடும் விலகும்.

ஒன்று கவனியுங்கள் தம்பி: டி101பி-க்கு எல்லையே 30 மி.மீ. மரம்தான். உங்கள் கெட்டி மரம் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

அரைமில்லி:
பிளேடு பற்றி இவ்வளவு பேசிவிட்டீர்கள். அடித்தட்டு பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? கீழே 2 மி.மீ. தள்ளியது பிளேடு வளைந்ததால் என்று எப்படித் தெரியும்? தட்டே சாய்ந்திருந்தாலும் அதேதான் நடக்கும்.

தட்டின் மீது அச்சிட்டிருக்கும் கோண அளவுகளை நம்பாதீர்கள். சின்ன மூலைமட்டத்தை பிளேடின் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பல் விரிந்த பிளேடில் மட்டம் பல்லில் இடித்து ஏமாற்றும். நான் செய்வது இது:

கனமான ஒரு மிச்சக் கட்டையின் விளிம்பிலிருந்து உள்ளே ஓரங்குல நீளத்துக்கு வெட்டி நிறுத்துங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது ஜிக்சாவை முழுதாகத் திருப்பி, பிளேடின் முதுகு அந்த வெட்டைப் பார்க்கும்படி வைத்து, அடித்தட்டின் பின்பாதி கட்டையின் அதே மேல் முகத்தில் படிந்திருக்க, பின்னோக்கி வெட்டுக்குள் நுழையுங்கள். தட்டு செங்குத்தாக இருந்தால் பிளேடு எங்கும் இடிக்காமல் உள்ளே போகும். சாய்ந்திருந்தால் கீழ் முனை ஒரு பக்கச் சுவரில் முட்டும். திருப்பி வைத்ததால் பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள வசதி. திருகைத் தளர்த்தி, பாதியளவு திருத்தி, இறுக்கி, மறுபடி பாருங்கள். இதை 0 பென்டுலத்தில், மெதுவாக வெட்டிச் செய்ய வேண்டும். வளைந்த வெட்டை வைத்துத் தட்டைத் திருத்தினால் இரண்டும் கெடும்.

மூலைமட்டம்:
அரைமில்லி சொன்னது நூற்றுக்கு நூறு. கூடவே ரோலரையும் பாருங்கள். பிளேடின் முதுகு ரோலரின் பள்ளத்தில் இலேசாகத் தொட்டபடி உட்கார வேண்டும். தொடாமல் இடைவெளி இருந்தால் பிளேடுக்குத் தாங்கல் இல்லை. பள்ளம் தேய்ந்து அகலமாகிவிட்டால் பிளேடு அதற்குள்ளேயே ஆடும், நீங்கள் எவ்வளவு நேராகப் பிடித்தும் பயனில்லை. மரத்தூள் அடைத்து ரோலர் சுற்றாமல் நின்றிருப்பதும் உண்டு. துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

விலை உயர்ந்த இயந்திரங்களில் இந்த இடத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். ஃபெஸ்டூல் ஜிக்சாக்களில் ரோலருக்குப் பக்கத்தில் பிளேடை இருபுறமும் பிடிக்கும் கார்பைடு தாடைகள் உண்டு, பிளேடின் கனத்துக்கேற்ப நெருக்கிக்கொள்ளலாம். மாஃபெல் பி1சிசி-யை வழிகாட்டித் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டலாம். அதெல்லாம் இல்லாதவர்கள் பொறுமையை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

சிலாம்பு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு தொல்லை. சட்டத்தைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? டேப்பை வைத்து பிளேடுக்கும் தட்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லி முன்னே பின்னே விழுகிறது.

கருங்காலி:
டேப்பால் அளக்கவே வேண்டாம். ஒரே ஒருமுறை இதைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

6 மி.மீ. பிளைவுட்டில் நீளமான ஒரு பட்டை எடுங்கள், ஜிக்சா தட்டைவிடத் தாராளமான அகலத்தில். அதன் ஒரு ஓரத்தில், நீளவாக்கில், நேரான ரீப்பர் ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, கீழிருந்து திருகுங்கள். ரீப்பரின் நேர்த்தியில் கஞ்சத்தனம் வேண்டாம், எல்லாம் அதை நம்பித்தான். பசை காய்ந்ததும் ஜிக்சாவின் தட்டை ரீப்பரோடு ஒட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டுங்கள். மிஞ்சிய பிளைவுட் அறுந்து விழும். இப்போது பட்டையில் மீதி இருக்கிற விளிம்பு எதுவோ, அதுதான் உங்கள் பிளேடு வெட்டும் இடம். அடுத்த முறை அந்த விளிம்பைக் கோட்டின் மேல் வைத்து, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். கணக்கே இல்லை.

இதில் ஒரு உபரி லாபம்: பட்டையின் விளிம்பு மரத்தை அழுத்திப் பிடித்திருப்பதால் அந்தப் பக்கம் சிலாம்பு பெயராது. நஷ்டம், பிளேடின் நீளத்தில் 6 மி.மீ. போய்விடும்.

பட்டையின் மேல் பிளேடின் பெயரை எழுதிவையுங்கள். டி101பி-க்கு வெட்டியது டி144டி-க்கு ஒத்துவராது. தட்டின் எந்த விளிம்பு ரீப்பரை ஒட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் பிளேடிலிருந்து தூரம் சமமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. பட்டையோ சட்டமோ, நமக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள், கழிவின் மேல் அல்ல. இயந்திரம் சட்டத்தை விட்டு விலகினாலும் வெட்டு கழிவுக்குள்தான் போகும். அதைப் பிறகு இழைத்துச் சரிசெய்யலாம். வேண்டிய துண்டுக்குள் புகுந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது.

வட்டரம்பம்:
பட்டை ஒட்டி, ரீப்பர் திருகி, பசை காய்ந்து... இந்த நேரத்துல சர்க்குலர் சா வெச்சு அலமாரியே முடிச்சிருக்கலாம் 😄

கருங்காலி:
வைத்திருப்பவர்கள் முடித்திருக்கலாம். உங்கள் சர்க்குலர் சாவை வைத்து, பலகைக்குள் போய் ஒரு உள்மூலையில் சரியாக நிற்கிற வெட்டை வெட்டிக் காட்டுங்கள். வட்டப் பிளேடு மேல் முகத்தில் மூலையைத் தாண்டினால்தான் கீழ் முகத்தில் மூலையைத் தொடும். அந்த இடத்தில் நீங்களும் ஜிக்சாவிடம்தான் வருவீர்கள்.

வட்டரம்பம்:
அது சரிதான். ஒப்புக்கறேன். ஆனா எட்டடி நீள வெட்டுக்கு ஜிக்சாவைத் தூக்கற ஆளைப் பார்த்தா இப்பவும் பாவமாத்தான் இருக்கு.

புதுஉளி:
ஐயா, ஓட்டும்போது கையால் எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லுங்கள். அழுத்த வேண்டுமா, விட வேண்டுமா?

மூலைமட்டம்:
கீழ்நோக்கி அழுத்துங்கள், முன்னோக்கித் தள்ளாதீர்கள். தட்டு மரத்தில் படிந்தே இருக்க வேண்டும், அதற்குத்தான் உங்கள் பலம். முன்னோக்கிப் போகும் வேகத்தைப் பிளேடு தீர்மானிக்கட்டும். காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தம் ஒரே சீராக இருந்தால் சரி. சத்தம் கனத்து இறங்கினால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். தள்ளினால் பிளேடு பின்னால் வளைய இடமில்லை, ரோலர் இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் வளையும். சாய்வு அங்கேதான் பிறக்கிறது.

ஆரம்பிக்கும்போது தட்டின் முன்பாகம் மரத்தில் படிந்திருக்க வேண்டும், பிளேடு மரத்தைத் தொட்டிருக்கக் கூடாது. ஸ்விட்சைப் போட்டு முழு வேகம் வந்ததும் உள்ளே போங்கள். கண் தட்டின் முன்னால் உள்ள காடியில் இருக்க வேண்டாம். அந்தக் காடி பிளேடுக்கு நேராக இருப்பது அபூர்வம். பல்லுக்குச் சற்று முன்னால், கோட்டைப் பாருங்கள்.

விலகல் தெரிந்தவுடன் எல்லோரும் செய்வது, இயந்திரத்தை முறுக்கிக் கோட்டுக்குக் கொண்டுவருவது. மேலே பார்த்தால் கோட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும், கீழே பிளேடு இன்னும் பழைய பாதையிலேயே இருக்கும். அதைச் செய்யாதீர்கள். நிறுத்துங்கள். பிளேடு முழுவதும் ஓய்ந்த பிறகு, விலகல் தொடங்கிய இடத்துக்கு முன்பு வரை பின்னால் இழுத்து, அங்கிருந்து மறுபடி மெதுவாக வாருங்கள்.

பிளேடின் நீளமும் முக்கியம். மேலே ஏறும்போதும் பிளேடின் நுனி மரத்துக்குக் கீழே தெரிய வேண்டும். பெரிய இயந்திரங்களில் பிளேடு ஏறி இறங்கும் தூரம் 26 மி.மீ. வரை இருக்கும். மரத்தின் கனம், இந்தத் தூரம், இரண்டையும் கூட்டி அதற்கு மேல் கொஞ்சம் நீளம் வேண்டும். குறைந்தால் நுனி மரத்துக்குள் போய், இறங்கும்போது அடியில் முட்டி இயந்திரத்தையே தூக்கி அடிக்கும். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமான பிளேடும் போடாதீர்கள், நீளம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

பலகையின் இரு பாதிக்கும் தாங்கல் கொடுங்கள். பாதி வெட்டில் கழிவுத் துண்டு தொங்க ஆரம்பித்தால் வெட்டு வாய் இறுகும் அல்லது கடைசி ஓரம் பிய்ந்துகொண்டு விழும். அடியில் கையை வைத்துத் தாங்காதீர்கள். பிளேடு அங்கேதான் இருக்கிறது.

அரைமில்லி:
சின்னத் தகவல். 1946-ல் ஸ்விட்சர்லாந்தின் சிந்தில்லா நிறுவனத்துப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன் தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றிவிட்டு அங்கே ரம்பப் பிளேடை மாட்டியதில் பிறந்ததுதான் இந்தக் கருவி. போஷ் பின்னால் அந்த நிறுவனத்தை வாங்கியது. மேல் முனையில் மட்டும் பிடி என்று மூலைமட்டம் ஐயா சொன்னாரே, அது ஊசிக்குப் போதும். துணிக்குக் கனமா இருக்கிறது? 30 மி.மீ. மரம் வந்தால்தான் அந்தப் பிறவிக் குணம் வெளியே தெரிகிறது.

புதுஉளி:
குமிழ் 0. அடித்தட்டை அரைமில்லி சொன்னபடி பார்த்தேன், கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது, திருத்தினேன். டி101பி போட்டு, கருங்காலி அக்கா சொன்ன பட்டையை வைத்து ஓட்டினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் மேல் முகம் நூல் பிடித்தது போல வந்துவிட்டது. கீழே அரை மில்லிக்கும் குறைவான விலகல். கருகல் வாடை இல்லை.

ஆனால் 30 மி.மீ. மரத்தில் டி144டிபி போட்டும் கீழே ஒரு மில்லிக்கு மேல் சாய்கிறது. நடுவில் ஒரு இடத்தில் நரம்பு குறுக்கே ஓடுகிறது, அங்கேதான் அதிகம்.

கருங்காலி:
நரம்பு சாய்ந்து ஓடும் இடத்தில் பிளேடு அதன் வழியே போகத்தான் பார்க்கும். கெட்டி மரத்தில் ஜிக்சா வெட்டையே கடைசி வெட்டாக நினைக்காதீர்கள். கோட்டுக்கு வெளியே ஒன்றரை, இரண்டு மில்லி விட்டு அறுங்கள். மீதியை ரூட்டரில் (சுழலும் பிட்டால் மரத்தைச் செதுக்கும் கருவி) பேரிங் உள்ள பிட் போட்டு, நேரான பலகை ஒன்றை ஒட்டி ஓட்டினால் மேலும் கீழும் செங்குத்தாக வந்துவிடும். ரூட்டர் இல்லையென்றால் இழைப்புளி. பலகையின் தலைப்பக்கத்தை இழைக்கும்போது இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இழையுங்கள், ஒரே வீச்சில் ஓரத்தைத் தாண்டினால் மூலை பெயர்ந்துவிடும்.

சிலாம்பு:
கடைசியாக ஒன்று. மைக்கா ஒட்டிய பலகையில் கழுவுதொட்டிக்குத் திறப்பு வெட்ட வேண்டும். பலகை ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது, திருப்பிப் போட வழியில்லை. நல்ல முகம் மேலேதான் இருக்கும். டி101பி அதைப் பிய்த்துவிடாதா?

மூலைமட்டம்:
பிய்க்கும். சாதாரண பிளேடின் பல் மேல்நோக்கி வெட்டுவதால் சிலாம்பு மேல் முகத்தில்தான் பெயரும். அதனால்தான் நல்ல முகத்தைக் கீழே போடச் சொல்வது. உங்களுக்கு டி101பிஆர். அதே பிளேடுதான், பல் கீழ்நோக்கி இருக்கும். மேல் முகம் சுத்தமாக வரும், கீழே பிய்வது யார் கண்ணிலும் படாது.

சிலாம்பு:
அதைப் போட்டால் இயந்திரம் துள்ளும் என்கிறார்களே?

கருங்காலி:
துள்ளும். ஒவ்வொரு முறை பிளேடு இறங்கும்போதும் மரத்தை உதைத்து இயந்திரத்தை மேலே தூக்கப் பார்க்கும். இரண்டு கையாலும் தட்டை அழுத்திப் பிடியுங்கள், பென்டுலம் 0, முன்னேற்றம் வழக்கத்தில் பாதி. தட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மைக்காவில் கீறல் விழும். நான்கு மூலையிலும் கோட்டுக்கு உள்ளே துளை போட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

நீளமான இரண்டு பக்கங்களை முதலில் வெட்டுங்கள். பிறகு, வெளியே எடுக்கப்போகும் துண்டின் மேல் ஒரு ரீப்பரைக் குறுக்கே வைத்து, அதன் இரு முனையும் வெட்டு வாயைத் தாண்டிப் பலகையின் மேல் உட்காரும்படி, நடுவில் மட்டும் திருகுங்கள். துண்டு ரீப்பரில் தொங்கிக்கொண்டு நிற்கும். குட்டையான இரண்டு பக்கங்களை வெட்டும்போது ரீப்பர் வழியில் வராது, கடைசி மூலையில் துண்டு தன் எடையால் முறிந்து மைக்காவை இழுத்துக்கொண்டு போகவும் போகாது. முனைகளுக்கு அடியிலும் டேப் ஒட்டிவிடுங்கள்.